கெலுகோர்த் தோட்டத்து வாரிசுகள்: குடியேற்றக் காலப் பினாங்கில் எல்லை கடந்த உறவுகள்

பினாங்குத் தீவின் கிழக்குக் கரையில், ஜார்ஜ் டவுனுக்குத் தெற்கே, இன்று அறிவியல் பல்கலைக்கழகமும் பெருநிலத்தை இணைக்கும் முதல் பாலத்தின் தலைப்பும் அமைந்துள்ள கெலுகோர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஒரு குடும்பத்தின் தோட்டமாகவே அறியப்பட்டிருந்தது. ஊருக்குப் பெயர் தந்த கெலுகோர் மரம், தமிழகத்தின் தென்கோடியிலும் கேரளத்திலும் மீன் குழம்புக்குப் போடும் குடம்புளிக்கு நெருங்கிய உறவு. அதன் காயை மெல்லிய வில்லைகளாக அரிந்து வெயிலில் பழுப்பேற உலர்த்தி, 'ஆசாம்' என்ற பெயரில் மலாய்க்காரர்களும் மலேசியத் தமிழர்களும் சமையலுக்குப் பயன்படுத்துகிறார்கள். இந்த மரங்கள் நின்ற காட்டைத் திருத்தி முதலில் மிளகும், பிறகு சாதிக்காயும் கிராம்பும் பயிரிட்டவர் ஸ்காட்லாந்தின் லாங்ஃபார்மகஸ் என்னும் சிற்றூரிலிருந்து வந்த டேவிட் பிரௌன். பினாங்கின் முதல் பெருவணிகரான ஜேம்ஸ் ஸ்காட்டுடன் தொழிலில் சேர்ந்து, 1808இல் ஸ்காட் இறந்தபின் தீவின் பெரிய நிலக்கிழார்களுள் ஒருவராக உயர்ந்த பிரௌன் 1825இல் இறந்தபோது, அவருடைய தோட்டம் ஸ்காட்லாந்து உறவினர்களுக்குப் போகவில்லை. இத்தீவில் உள்ளூர்ப் பெண்களிடம் அவருக்குப் பிறந்த பிள்ளைகளுக்கே போயிற்று. டேவிட் வார்ட்லா பிரௌன், ஃபோர்ப்ஸ் ஸ்காட் பிரௌன் என்னும் மகன்கள் கெலுகோரின் துரைமார்களாக நெடுங்காலம் வாழ்ந்தனர். டத்தோ கெராமட் சாலையில் இன்று உணவுக்கடைகளால் பேர்பெற்ற பாடாங் பிரௌன் என்னும் திடல் இக்குடும்பம் ஊருக்கு விட்ட நிலமே. 'பாடாங்' என்பது ஊர்ப்பொதுத் திடலைக் குறிக்கும் மலாய்ச் சொல்.

குடியேற்றக் காலத்தில் இனமும் சமயமும் பதவியும் போட்ட எல்லைகளைத் தாண்டி ஆணும் பெண்ணும் சேர்ந்து வாழ்ந்த இத்தகைய வரலாறுகளைக் காதல் கதைகளாகச் சொல்லிவிடும் ஆசை பலருக்கும் எழுந்துள்ளது. புதினங்களும் நாடகங்களும் அந்த ஆசைக்குப் பிறந்தவையே. ஆனால் வரலாற்றாசிரியரின் கைக்கு வந்து சேர்வன காதல் கடிதங்கள் அல்ல. மரண சாசனங்கள், ஞானஸ்நானப் பதிவேடுகள், சொத்து வழக்குகள், கல்லறைக் கற்கள் ஆகியவையே. அவை இருவருக்கிடையே அன்பு இருந்ததா என்பதைப் பற்றி மிகக் குறைவாகவே பேசுகின்றன. அந்த உறவை யார் ஏற்றார்கள், அதில் பிறந்த பிள்ளை யாருடைய பிள்ளையாகக் கணக்கிடப்பட்டது, வீடும் வயலும் யாருக்குப் போயின என்பனவற்றை மட்டும் துல்லியமாகப் பேசுகின்றன. சேர்ந்து வாழ்வதை அக்காலத்துப் பினாங்கு எளிதில் பொறுத்துக்கொண்டது. வாரிசாக ஏற்பதில்தான் எல்லை குறுக்கிட்டது.

இந்தப் பொறுமைக்குப் பின்னால் கிழக்கிந்தியக் கும்பெனியின் நூறாண்டு வழக்கம் இருந்தது. 1687இல் இலண்டனிலிருந்த கும்பெனியின் இயக்குநர்கள் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக்கு எழுதிய கடிதத்தில், தங்கள் சிப்பாய்கள் உள்ளூர்ப் பெண்களை மணப்பதை ஊக்குவிக்கும்படியும், அப்படிப் பிறக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் நாளில் தாய்க்கு ஒரு வராகன் கொடுக்கும்படியும் பணித்தனர். போர்த்துகீசியக் கத்தோலிக்கப் பெண்களை மணந்து சிப்பாய்கள் அந்தத் திருச்சபைக்குப் போய்விடக் கூடாது என்பதும், கோட்டையைக் காக்க ஒரு பரம்பரை வேண்டும் என்பதும் இதன் காரணங்கள். நூறாண்டு கழித்து அந்தப் பரம்பரை பெருகியபோது, அதே கும்பெனி அதைக் கண்டு அஞ்சியது. 1786இல், இறந்த ஆங்கில அதிகாரிகளின் கலப்புப் பிள்ளைகளைப் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பத் தடை வந்தது; 1791இல், பெற்றோருள் ஒருவர் இந்தியராக இருப்பவர் கும்பெனியின் ஆட்சிப் பணியிலோ படைப் பணியிலோ கப்பல் பணியிலோ சேர முடியாது என்று விதிக்கப்பட்டது; 1795இல், படையில் அவர்களுக்குக் குழலூதுதல், முரசடித்தல், லாடம் கட்டுதல் போன்ற வேலைகள் மட்டுமே மிஞ்சின. இவ்விதிகளின் காலத்துத் தலைமை ஆளுநராகப் பெரும்பாலும் இருந்தவர் காரன்வாலிஸ் பிரபு. தமிழ்நாட்டில் 'சட்டைக்காரர்' என்றும் மலாய் நாட்டில் 'செராணி' என்றும் அழைக்கப்பட்ட கலப்பினத்தவரின் தாழ்வு இங்குதான் சட்டமாயிற்று.

முதல் தடை வந்த அதே 1786ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் நாள், பிரான்சிஸ் லைட் பினாங்கில் கும்பெனியின் கொடியை ஏற்றினார். அதற்குச் சில மாதங்கள் முன்பு, கெடாவில், அவருக்கு வில்லியம் என்ற மகன் பிறந்திருந்தான். தாயின் பெயர் மார்ட்டினா ரோசெல்ஸ். அவர் தாலாங் தீவில், அதாவது இன்றைய புக்கெட்டில், வாழ்ந்த போர்த்துகீசிய, சயாமியக் கலப்புக் கத்தோலிக்கக் குடும்பத்தைச் சேர்ந்தவர் என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகின்றனர். லைட் அத்தீவில் வணிகம் செய்துவந்த காலத்தில் தொடங்கிய இவ்வுறவு 1772 முதல் அவர் இறக்கும்வரை இருபத்திரண்டு ஆண்டுகள் நீடித்தது. திருச்சபையில் மணம் நடந்ததற்கான பதிவு எதுவும் கிடைக்கவில்லை. லைட் ஆங்கிலத் திருச்சபையைச் சேர்ந்தவர், மார்ட்டினா கத்தோலிக்கர். அந்தக் கரைகளில் ஆங்கிலப் பாதிரியார் எவரும் இல்லை.

இந்த வெற்றிடத்தில்தான் கதை வளர்ந்தது. லைட் கெடா சுல்தானின் மகளை மணந்தார் என்றும், பினாங்குத் தீவு அவருக்குச் சீதனமாக வந்தது என்றும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரவலாகப் பேசப்பட்டது. சீதனக் கதை இனிமையானது. ஆனால் அது மறைப்பது கசப்பான ஓர் உண்மையை. சுல்தான் அப்துல்லா முகர்ரம் ஷா தீவை விட்டுக்கொடுத்தது, சயாமின் தாக்குதல் வந்தால் கும்பெனி படை அனுப்பித் தம்மைக் காக்கும் என்ற நம்பிக்கையில். அத்தகைய உறுதியைத் தரக் கும்பெனி ஒருபோதும் சம்மதிக்கவில்லை என்பதை லைட் தெளிவாகச் சொல்லாமல் காலம் கடத்தினார். 1791இல் சுல்தான் தீவை மீட்கப் படை திரட்டித் தோற்றார். அதன்பின் ஆண்டுக்கு ஆறாயிரம் ஸ்பானிய வெள்ளிக்கு உடன்படிக்கை எழுதப்பட்டது. படை உதவி கேட்ட அரசரைச் சீதனம் கொடுத்த மாமனாராக மாற்றும் கதை, ஏமாற்றிய பழியைக் கழுவிவிடுகிறது. எல்லை கடந்த காதல் என்ற பொருள், ஆள்வோருக்கு வசதியான வரலாறாகப் பயன்பட்டதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு மலாய் நாட்டில் அரிது.

லைட் 1794 அக்டோபர் 21ஆம் நாள் மலேரியாக் காய்ச்சலால் இறந்தார். அவருடைய மரண சாசனம் மார்ட்டினாவை மனைவி என்று சொல்லவில்லை; 1772 முதல் தம்முடன் வாழ்ந்துவருபவர் என்று மட்டும் குறிப்பிடுகிறது. ஆனால் அந்தச் சாசனம் அவருக்கு விட்டுச்செல்லும் பொருள்களின் பட்டியலைப் படிப்பவருக்கு ஒரு குடும்பத்தின் உட்புறமே திறந்துவிடுகிறது: சஃபோக் என்று லைட் தம் சொந்த மாவட்டத்தின் பெயரிட்ட மிளகுத் தோட்டம், அதிலிருந்த வீடு, பட்டணத்துப் பங்களா, மகாகனி மேசைகள், சீட்டாட்ட மேசைகள், படுக்கையோடு கட்டில்கள், நாற்காலிகள், வெள்ளி விளக்குத்தண்டுகள், தேநீர்க் கெண்டி, சாப்பாட்டுக் கரண்டிகள், தேநீர்க் கரண்டிகள். கரண்டியின் எண்ணிக்கை வரை எழுதிவைத்த மனிதர், அந்தப் பெண்ணின் உரிமையைச் சட்டம் தானாகக் காக்காது என்பதை நன்கு அறிந்திருந்தார் என்றே கொள்ள வேண்டும். மனைவி என்ற சொல் இருந்திருந்தால் இந்தப் பட்டியலுக்குத் தேவையே இருந்திராது. பொய்யும் வழுவும் தோன்றிய பிறகே மணச் சடங்குகள் வகுக்கப்பட்டன என்கிறது தொல்காப்பியம். பினாங்கில் சடங்கின் இடத்தைப் பத்திரம் பிடித்துக்கொண்டது.

பத்திரமும் போதவில்லை. அன்று தீவில் ஒழுங்கான நீதிமன்றமே கிடையாது. அரசரின் சாசனத்தின்படி அமைந்த நீதிமன்றம் 1808இல்தான் செயல்படத் தொடங்கியது. சாசனத்தை நிறைவேற்றும் பொறுப்பு லைட்டின் கூட்டாளி ஜேம்ஸ் ஸ்காட்டிடமும் கல்கத்தா வணிகர் வில்லியம் ஃபேர்லியிடமும் இருந்தது. மார்ட்டினாவுக்குச் சேர வேண்டியதை அவர்கள் முழுமையாகச் சேர்க்கவில்லை என்ற குற்றச்சாட்டு அக்காலம் தொட்டே உண்டு. மார்ட்டினா பின்னர் ஜான் டிம்மர் என்னும் வணிகரை மணந்தார். சஃபோக் தோட்டம் கைமாறி, ஆளுநர் பதவி வகித்த வில்லியம் எட்வர்ட் ஃபிலிப்ஸிடம் போய்ச் சேர்ந்தது. அவர் அங்கே எழுப்பிய மாளிகைதான் ஆயர் ஈத்தாம் பகுதியில் புதுப்பிக்கப்பட்டு இன்றும் நிற்கும் சஃபோக் இல்லம்.

லைட்டின் பிள்ளைகள் ஐவர். அவர்களுள் மூத்த மகள் சாராவின் திருமணம் தமிழ்நாட்டு வரலாற்றோடு எதிர்பாராத வகையில் வந்து முட்டுகிறது. சாராவை மணந்தவர் சென்னைப் படையைச் சேர்ந்த ஜேம்ஸ் வெல்ஷ். பாஞ்சாலங்குறிச்சி, காளையார்கோயில் போர்களில் ஆங்கிலேயர் பக்கம் நின்று, 1830இல் இரண்டு தொகுதிகளாகத் தம் படை நினைவுகளை வெளியிட்டவர். மதுரையில் இருந்த இளமைக் காலத்தில் சின்ன மருதுவிடம் ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொண்டதை அந்நூலில் அவர் பெருமையோடு எழுதுகிறார். வேட்டைக்குப் போகும் வழியில் மருதுவின் விருந்தோம்பலை நுகர்ந்ததையும் மறைக்கவில்லை. அதே மருதுவை 1801இல் காடுகளில் துரத்திய படையில் அவரும் இருந்தார். மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24ஆம் நாள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். சின்ன மருதுவின் மகன், பதின்ம வயதினரான துரைசாமி உட்பட எழுபத்துமூன்று பேர் 1802இல் தூத்துக்குடியிலிருந்து பினாங்குக்கு நாடுகடத்தப்பட்டனர்.

1818இல் வெல்ஷ் பினாங்குக்கு வந்தபோது, தளர்ந்து நலிந்து முதியவர் போல் தோன்றிய ஒருவர் அவர் தங்கியிருந்த வீட்டுக்குள் வந்தார். அவர் யாரென்று வெல்ஷுக்குத் தெரியவில்லை. பெயரைக் கேட்டபோது, துரைசாமி என்றார். அவருக்கு அப்போது வயது முப்பதைச் சற்றே தாண்டியிருக்கும். இந்தச் சந்திப்பைத் தமிழில் எழுதுவோர் பெரும்பாலும் வெல்ஷின் இரக்கத்தோடு முடித்துக்கொள்கின்றனர். பினாங்கு வெல்ஷுக்கு மாமனார் ஊர் என்பதை அவர்கள் சேர்த்துப் பார்ப்பதில்லை. ஒரே தீவு ஒருவருக்கு மனைவியின் பிறந்தகமாகவும் மற்றவருக்குச் சிறையாகவும் இருந்தது. கும்பெனியின் படையில் சேரவே கலப்பினத்தாருக்கு 1791ஆம் ஆண்டு விதி தடையாக நிற்க, கலப்பினத்தவரான சாரா அந்தப் படையின் அதிகாரிக்கு மனைவியாகிப் பின்னாளில் தளபதியின் மனைவி என்று மதிக்கப்பட்டார். கலப்பினப் பெண்ணுக்கு வெள்ளையர் சமூகத்தின் கதவு மணத்தின் வழியாகத் திறந்தது; கலப்பின ஆணுக்கு அந்த வழியும் எளிதாக இல்லை. இந்த ஏற்றத்தாழ்வு பினாங்குக்கு மட்டும் உரியதன்று. சென்னையிலும் கல்கத்தாவிலும் இருந்த அனாதை விடுதிகள் அதிகாரிகளின் கலப்பு மகள்களுக்கு மாப்பிள்ளை தேடும் இடங்களாகவே ஓரளவு நடந்தன.

மகன் வில்லியம் ஆறு வயதில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, தந்தையின் நண்பர் குடும்பத்தில் வளர்ந்து, ஸ்பெயினில் வெலிங்டனின் படையில் போரிட்டு, 1836இல் தென் ஆஸ்திரேலியாவின் தலைமை நில அளவையாளராகச் சென்று அடிலெய்டு நகருக்கு இடம் தேர்ந்து வரைபடம் வகுத்தார். அவர் இரண்டாவதாக மணந்தது ரிச்மண்ட் பிரபுவின் மணவழிப் பிறவாத மகளை. அம்மணம் பிரிவில் முடிந்தது. ஆஸ்திரேலியாவில் அவரோடு வாழ்ந்தவர் மரியா காண்டி என்னும் எளிய குடும்பத்துப் பெண். மணவிலக்குப் பெறாத நிலையில் அவரை மணக்க வில்லியமால் முடியவில்லை. புதிய ஊரின் கண்ணியவான்கள் அவ்வீட்டை ஒதுக்கிவைத்தனர். 1839இல் இறக்குமுன் அவர் எழுதிய சாசனத்தில் உடைமை முழுவதையும் மரியாவுக்கே விட்டார். தந்தை செய்ததையே மகன் செய்தார். இம்முறை நிறைவேற்றும் பொறுப்பும் அந்தப் பெண்ணிடமே கொடுக்கப்பட்டது என்பது மட்டும் வேறுபாடு. தாயின் அனுபவம் மகனுக்கு மறந்திருக்காது.

1936இல், பினாங்கு நிறுவப்பட்டதன் நூற்றைம்பதாம் ஆண்டையொட்டிப் பிரான்சிஸ் லைட்டுக்குச் சிலை வைக்க முடிவு செய்தபோது, அவருடைய உருவப்படம் எதுவும் கிடைக்கவில்லை. எனவே மகன் வில்லியமின் முகத்தை மாதிரியாகக் கொண்டு வெண்கலச் சிலை வார்க்கப்பட்டது. அந்தச் சிலை இன்று நிற்குமிடம் காரன்வாலிஸ் கோட்டை. கலப்பினத்தாரைக் கும்பெனிப் பணியிலிருந்து விலக்கிய ஆளுநரின் பெயர் தாங்கிய கோட்டைக்குள், நிறுவனர் என்ற பட்டத்தோடு நிற்பது ஒரு கலப்பினத்தவரின் முகம். திட்டமிட்டு எவரும் செய்ததன்று.

லைட் குடும்பத்தில் உறவு கலைந்து சொத்தும் சிதறியது. கெலுகோரில் அவ்வாறு நேரவில்லை. காரணம் பிரௌனின் நற்குணம் மட்டுமன்று. லைட் ஆட்சியாளர், பிரௌன் தோட்டக்காரர். கும்பெனியின் பணியில் இருப்பவனின் வீட்டைக் கல்கத்தா கவனித்தது. நிலம் திருத்துபவனின் வீட்டைக் கேட்பார் இல்லை. மேலும் சாதிக்காய் மரம் பலன் தர ஏழெட்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். நட்ட மரத்தை விட்டுவிட்டுச் சீமைக்குத் திரும்புவது நட்டம். 1796இல் ஆங்கிலேயர் மொலுக்கஸ் தீவுகளைக் கைப்பற்றிய பிறகு அங்கிருந்து கொண்டுவரப்பட்ட நாற்றுகளால் தொடங்கிய இத்தொழில், தீவில் வேரூன்றிய குடும்பங்களை வேண்டிநின்றது. மண்ணையும் மொழியையும் அறிந்து இங்கேயே பிறந்து வளர்ந்த மகன்கள், விற்றுவிட்டுக் கப்பலேறத் துடிக்கும் பங்காளிகளைவிடத் தோட்டத்துக்கு ஏற்ற வாரிசுகளாக இருந்தனர். எனவே கெலுகோரில் தாயின் பிறப்பு தடையாகவில்லை. ஆனாலும் திடலிலும், குடியிருப்புப் பகுதியின் பெயரிலும், நினைவுச் சின்னத்திலும் நிலைத்தது தந்தையின் பெயரே; பிள்ளைகளைப் பெற்று வளர்த்த பெண்களின் பெயரை ஊர் எதிலும் வைத்துக்கொள்ளவில்லை.

இவ்வுறவுகளைக் காதல் என்று அழைப்பதற்கு முன் கணக்கில் கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. அன்றைய பினாங்கில் அடிமை முறை நடைமுறையில் இருந்தது. நியாஸ் தீவிலிருந்தும் சுமத்ராவின் பத்தாக் நாட்டிலிருந்தும் பெண்கள் விலைக்குக் கொண்டுவரப்பட்டனர். கடனை அடைக்க முடியாதவர் கடன்காரர் வீட்டில் உழைத்துக் கிடக்கும் கடனடிமை முறையும் மலாய் நாடெங்கும் இருந்தது. ஆண்கள் மிகுந்து பெண்கள் அருகிய துறைமுகத்தில், ஒரு தோட்டக்காரரின் வீட்டுக்கு வந்து சேர்ந்த பெண், விரும்பி வந்தாரா, கொடுக்கப்பட்டாரா, வாங்கப்பட்டாரா என்பதைப் பிள்ளையின் ஞானஸ்நானப் பதிவு சொல்லாது. லைட்டின் உடைமைகளுள் அடிமைகளும் இருந்தனர். நீடித்த உறவு என்பதாலேயே அது சமமானது என்று கொள்வதற்கில்லை. சமமற்றது என்பதாலேயே அதில் அன்பு இல்லை என்று தள்ளவும் முடியாது.

தமிழர் பக்கம் திரும்பினால் காட்சி பெரிதும் மாறுகிறது. 1794இல் லைட் எழுதிய அறிக்கையொன்று, தீவில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியர் ஏறக்குறைய ஆயிரம் பேர் குடியமர்ந்திருப்பதாகவும், அவர்களுள் பலர் முன்பே கெடாவில் நெடுங்காலம் வாழ்ந்தவர்கள், சிலர் அங்கேயே பிறந்தவர்கள் என்றும், ஆண்டுதோறும் கப்பல்களில் ஆயிரத்து முந்நூறு முதல் இரண்டாயிரம் ஆண்கள் வந்து சிறிது பணம் ஈட்டித் திரும்புவதாகவும் கூறுகிறது. சூலியர் என்போர் நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால், பரங்கிப்பேட்டை முதலிய துறைகளைச் சேர்ந்த தமிழ் முஸ்லிம் வணிகரும் உழைப்பாளரும் ஆவர். இவர்கள் மலாய்ப் பெண்களை மணந்தபோது இனமும் மொழியும் வேறாக இருந்தன. சமயம் ஒன்றாக இருந்தது. எனவே நிக்காஹ் நடந்தது, மகர் கொடுக்கப்பட்டது, சாட்சிகள் இருந்தனர். ஊரில் ஒரு குடும்பமும் பினாங்கில் ஒரு குடும்பமுமாக வாழ்ந்த மரைக்காயர் பலர்; இரண்டு மனைவியரும் சட்டப்படி மனைவியரே. ஊரில் இருந்தவள் ஆண்டுக்கணக்கில் கப்பலை எதிர்பார்த்திருந்தாள் என்பது வேறு. அந்தத் துயரத்தைக் கும்பெனிப் பதிவேடுகள் அறிந்ததாகத் தெரியவில்லை.

பரங்கிப்பேட்டையிலிருந்து வந்து சூலியர் தலைவராகிய காதர் முகைதீன், 1801இல் பதினெட்டு ஏக்கர் நிலம் பெற்று, தம் பதவிப் பெயரால் இன்றும் வழங்கும் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை எழுப்பியவர். அவர் கெடா அரச குடும்பத்தோடு தொடர்புள்ள பெண்ணை மணந்தார் என்று அவர் மரபினர் சொல்லிவருகின்றனர். லைட்டைப் பற்றிய கட்டுக்கதையில் வரும் கெடா இளவரசி, தமிழ் வணிகரின் வீட்டில் உண்மையாகவே இருந்திருக்கக்கூடும் என்பது சுவையான முரண்.

இக்கலப்பில் பிறந்தோர் ஜாவி பெரானாக்கான் அல்லது ஜாவி பெக்கான் எனப்பட்டனர்: அரபு எழுத்தில் மலாய் எழுதும், இந்நாட்டிலேயே பிறந்த முஸ்லிம்கள். அவர்கள் ஒதுக்கப்பட்டோர் ஆகவில்லை. தமிழும் மலாயும் ஆங்கிலமும் அறிந்த எழுத்தராக, மொழிபெயர்ப்பாளராக, அச்சகத்தாராக உயர்ந்தனர். 1876இல் சிங்கப்பூரில் தொடங்கிய முதல் மலாய்ச் செய்தித்தாள் அச்சமூகத்தின் பெயரையே தாங்கி வந்தது; அதன் ஆசிரியர் முன்ஷி முகமது சயித் பினாங்கில் பிறந்தவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தண்டனைக் கைதிகளாக வந்து, காலம் முடிந்து விடுதலை பெற்ற இந்தியரும் உள்ளூர்ப் பெண்களை மணந்து இச்சமூகத்தில் கலந்தனர்.

இரு வகை உறவுகளையும் அருகிலிருந்து பார்த்து எழுதிய ஒருவர் உண்டு. ஜான் டர்ன்புல் தாம்சன் 1838இல், பதினேழு வயது நிரம்பாத நில அளவையாளராக, பிரௌன் நிறுவனத்தின் தோட்டங்களை அளக்கப் பினாங்குக்கு வந்தார். பின்னாளில் சிங்கப்பூர் அரசின் அளவையாளரான அவருக்கு மலாய் கற்பித்தவர் மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லா. தாம்சன் தம் தூரகிழக்கு வாழ்வை 1864இல் நூலாக்கினார். 1874இல் அப்துல்லாவின் தன்வரலாற்றிலிருந்து பகுதிகளை மொழிபெயர்த்தார். அப்துல்லா தம் குலவரலாற்றைத் தொடங்கும் முறை கவனிக்கத்தக்கது: யேமனிலிருந்து நாகூருக்கு வந்து ஆசிரியராக இருந்த ஷேக் அப்துல் காதிர் அங்கே ஒரு தமிழ்ப் பெண்ணை மணந்தார், அவர் மகன் முகமது இப்ராகிம் மலாக்காவுக்கு வந்து, ஷேக் மீரா லெப்பையின் மகள் பேரி ஆச்சியை மணந்தார், அவர்களுடைய மகனே அப்துல்லாவின் தந்தை. அரபு முப்பாட்டனும் தமிழ்ப் பாட்டியும் அந்த மலாய் எழுத்தாளருக்கு மறைக்க வேண்டிய செய்திகள் அல்ல, பெருமைக்குரிய தொடக்கம். பேரி ஆச்சியின் பெயர் அவருடைய தந்தையின் பெயரோடு சேர்த்தே எழுதப்பட்டிருக்கிறது.

ஆனால் ஆங்கிலச் சட்டம் இவ்வீடுகளுக்குள்ளும் நுழைந்தது. அப்துல்லா என்னும் வேறொருவரின் சொத்து பற்றி 1835இல் பினாங்கில் நீதிபதி பெஞ்சமின் மால்கின் அளித்த தீர்ப்பு, தீவில் செல்லுவது ஆங்கிலச் சட்டமே என்றும், எனவே ஒரு முஸ்லிம் தம் சொத்து முழுவதையும் விருப்பம்போல் உயிலால் கொடுத்துவிடலாம் என்றும் கூறியது. இஸ்லாமியச் சட்டத்தில் உயிலால் கொடுக்கத்தக்கது மூன்றில் ஒரு பங்குதான். மீதி மனைவிக்கும் மக்களுக்கும் விதித்த விகிதப்படி சேர்ந்தாக வேண்டும். மார்ட்டினாவைப் போன்ற பெண்ணுக்கு உயில் ஒன்றே துணை. நிக்காஹ் செய்த மனைவிக்கோ உயில் புதிய ஆபத்தாயிற்று. மலாய் மனைவிக்குச் சேர வேண்டியதைக் கடல் கடந்த ஊர்க் குடும்பத்துக்கோ, ஊர்க் குடும்பத்தின் பங்கைத் தீவுக் குடும்பத்துக்கோ ஒரே கையெழுத்தில் மாற்றிவிட இத்தீர்ப்பு இடம் தந்தது. முஸ்லிம் மணங்களைப் பதிவு செய்யவும் காஜிகளை அங்கீகரிக்கவும் பினாங்கு உள்ளிட்ட நீரிணைக் குடியேற்றங்களில் தனிச் சட்டம் வர 1880 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இரு பக்கமும் கதவுகள் சாத்தப்பட்டன. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் நீராவிக் கப்பலில் ஆங்கில மனைவியர் வந்து சேர்வது எளிதாயிற்று. மன்றங்களும் தேவாலய இருக்கைகளும் இனவாரியாகப் பிரிந்தன. முந்தைய தலைமுறைக்கு வீட்டுத் துணைவியாக இருந்தவள் இப்போது மறைக்க வேண்டியவள் ஆனாள். 1909இல் குடியேற்ற நாடுகளின் அமைச்சர் குரூ பிரபு, உள்ளூர்ப் பெண்களை வைத்துக்கொள்ளும் அதிகாரிகளுக்குப் பதவி இழப்பு நேரும் என்று இரகசியச் சுற்றறிக்கை அனுப்பினார். மணந்துகொள்ளும்படி அதில் எவருக்கும் அறிவுரை இல்லை.

கெலுகோரிலோ அடி வேறு திசையிலிருந்து விழுந்தது. 1850களின் பிற்பகுதியில் தொடங்கிய நோய் சில ஆண்டுகளில் தீவின் சாதிக்காய்த் தோப்புகளை அழித்தது; தோட்டம் பிற்காலத்தில் துண்டு துண்டாகக் கைமாறிப் படைமுகாமாகவும் குடியிருப்பாகவும் கல்விக்கூடமாகவும் ஆயிற்று. ஜாவி பெக்கான் என்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தனியே எண்ணப்பட்டுவந்த பிரிவும் இருபதாம் நூற்றாண்டில் ஏட்டிலிருந்து கைவிடப்பட்டது. அக்குடும்பங்களுள் பெரும்பாலானவை மலாய்க்காரராகவும், சில இந்திய முஸ்லிம்களாகவும் பதிந்துகொண்டன. மெரிக்கான் போன்ற குடும்பப் பெயர்களும், பினாங்கின் நாசி கண்டார், பசெம்பூர் போன்ற உணவுகளும் அக்கலப்பைக் கணக்கெடுப்பாளர்களின் துணையின்றியே இன்றும் நினைவூட்டிவருகின்றன.